300 கிராம் சுமைக்கு எந்தக் கேமரா?

வணக்கம். உங்கள் ட்ரோன் 300 கிராம்தான் தூக்கும், 100 மீட்டரிலிருந்து எடுத்த வயல் படங்களில் ஆக்‌ஷன் கேமரா வரப்புகளை வளைத்துக் காட்டுகிறது, சோனி ஆர்எக்ஸ்100 (முதல் மாடல்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் என்பேன். படம் அருமையாக இருக்கும்தான். ஆனால் சில நொடிக்கு ஒருமுறை தானாகப் படமெடுக்கும் வசதி அதில் கிடையாது. ஆகாயத்தில் பொத்தானை யார் அழுத்துவது? ஜூமும் உங்களுக்குத் தண்டச் சுமை.

பழைய ரிக்கோ ஜிஆர் கிடைக்கிறதா என்று தேடுங்கள். பேட்டரியோடு 245 கிராம். கேமராவை ட்ரோனில் மாட்டும் தாங்கிக்கு 55 கிராம் மிஞ்சும், சிக்கனமாகச் செய்ய வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சார் (சாதாரணச் சிறு கேமராக்களில் இருப்பதைவிடப் பெரிய ஒளியுணரி), தானாகப் படமெடுக்கும் வசதி இரண்டும் உண்டு. ஸ்னாப் ஃபோகஸை (ஃபோகஸை ஒரே தூரத்தில் நிறுத்திவைக்கும் வசதி) முடிவிலியில், அதாவது வெகு தொலைவுக்கு, வைத்துவிட்டால் லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் தடுமாறாது. உங்கள் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.6 சென்டிமீட்டர்.

ஷட்டரை 1/1000 நொடியைவிட மெதுவாக விடாதீர்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதற்குள் ட்ரோன் 1 சென்டிமீட்டர் நகரும். 1/250 என்றால் 4 சென்டிமீட்டர், படம் இழுபட்டுவிடும்.

கை கடித்தால் பழைய கேனன் எஸ்100 போதும். மெமரி கார்டில் சிஎச்டிகே மென்பொருளை ஏற்றினால் அதுவும் தானாக எடுக்கும். ரிக்கோ, கேனன் இரண்டிலும் லென்ஸ் வெளியே நீளும், புழுதி புகுந்தால் சிக்கிக்கொள்ளும். தார்ப்பாய் விரித்து அதன்மேல் இறக்குங்கள்.