கண்ணாடியில் மாநிறம், போட்டோவில் சாம்பல்

கேள்வி: எனக்கு வயது 25. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழேதான் என் நிறம். போன மாதம் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஃபவுண்டேஷன், பவுடர் எல்லாம் நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டுக் கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. போட்டோவில் பார்த்தால் முகம் மட்டும் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. கழுத்து வேறு யாருடையதோ போல் இருக்கிறது. தை மாதம் திருவொற்றியூரில் ரிசப்ஷன். வருங்கால மாமியார், "கொஞ்சம் கலரா தெரியுற மாதிரி போட்டுக்கோம்மா" என்கிறார். எந்த ஷேட் வாங்குவது? பவுடரே வேண்டாமா?

- பெயர் வேண்டாம், புது வண்ணாரப்பேட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒரு சின்னச் சண்டை. 'மாநிறத்துக்கும் கீழே' என்று எழுதியிருக்கிறீர்கள். நிறத்தில் மேல்மாடி, கீழ்மாடியெல்லாம் கிடையாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கண்ணாடியில் நன்றாக இருந்தது, போட்டோவில்தான் வெளுத்தது என்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஃபிளாஷ் அடித்த படத்தில் மட்டும் முகம் வெளுத்தால் என் முதல் சந்தேகம் பவுடர்மேல்தான். நைசாக, வெள்ளையாக, எல்லா நிறத்துக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற டிரான்ஸ்லூசென்ட் பவுடர்கள் பலவற்றில் சிலிக்கா இருக்கும். பூசும்போது கண்ணுக்கே தெரியாது. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டதும் அதை அப்படியே கேமராவுக்குத் திருப்பிவிடும். அடுத்த சந்தேகம் சன்ஸ்கிரீன். அதில் போடுகிற ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளைப் பொடிகள். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்டிலும் இந்த டைட்டானியம்தான். வெயிலைத் தடுக்கும் என்று சொல்லி எஸ்.பி.எஃப். போட்டு விற்கிற ஃபவுண்டேஷன்களிலும் இவை இருக்கலாம். ராத்திரி ரிசப்ஷனுக்கு வெயில் ஏது? அன்றைக்கு எஸ்.பி.எஃப். இல்லாததே போதும்.

இதற்கெல்லாம் மேலே குளித்தபின் போடுகிற டால்கம் பவுடரையும் ஒரு கை அப்பிக்கொண்டீர்களா? நம் வீடுகளில் அது பழக்கம். குட்டிகூரா டப்பாவை அக்குளுக்கும் முதுகுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கழுத்து தனியாகத் தெரிந்ததற்குப் பவுடர் மட்டும் காரணமாக இருக்காது. ஷேட்டையும் ஒன்றிரண்டு படி வெளுப்பாக எடுத்திருப்பீர்கள். "இது போட்டா பளிச்சுனு இருக்கும்கா" என்று கடைப் பெண் எடுத்துக் கொடுத்திருப்பாள்.

மணப்பெண் அலங்காரத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்தவள். என் பெட்டியில் இருந்தது இரண்டே ஷேட், இரண்டும் வெளுப்பு. காசிமேட்டில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு விடியற்காலை நாலு மணிக்குப் போய் அலங்காரம் செய்து கூடத்துக்கு அழைத்து வந்தேன். அவளுடைய ஆயா கிட்டே வந்து, தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்து நம்ம பொண்ணுதாம்மா, மூஞ்சி யாருது?" என்றது. கூடமே சிரித்தது, பெண்ணையும் என்னையும் தவிர. ஈரத்துணியால் அத்தனையையும் துடைத்தெடுத்து, மையும் பொட்டும் லிப்ஸ்டிக்கும் மட்டும் வைத்து மணையில் உட்கார வைத்தோம். ஆல்பத்தில் அவள் அழகாகத்தான் இருந்தாள்.

ஃபவுண்டேஷனுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று மூன்று இரும்பு ஆக்சைடுகள், கூட அந்த வெள்ளை டைட்டானியம். பெரும்பாலும் இந்த நாலையும் கூட்டிக் குறைத்துத்தான் ஷேட் கட்டுகிறார்கள். வெளுப்பு ஷேட் என்றால் வெள்ளை கூடுதல் என்று அர்த்தம். அதைக் கருத்த தோலின்மேல் பூசினால் அடியில் இருக்கிற கருப்பும் மேலே இருக்கிற வெள்ளையும் சேர்ந்து சாம்பல் நிறம்தான் வரும். சிவப்பு எப்படி வரும்? மாமியார் கேட்ட 'கலர்' இந்த வழியில் வராது.

இன்னொன்று, நிறம் என்பது எவ்வளவு கருப்பு, எவ்வளவு சிவப்பு என்பதோடு முடிவதில்லை. ஒரே அளவு கருப்பாக இருக்கிற அக்கா தங்கையிலேயே ஒருத்திக்கு உள்ளே மஞ்சள் ஓடும், இன்னொருத்திக்குச் செம்மை ஓடும். சிலருக்கு லேசான பச்சைச் சாயல். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். நம் நிறத்தில் பல பேருக்கு நரம்பு கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அதை விடுங்கள். டப்பாவில் டபிள்யூ என்று இருந்தால் மஞ்சள் சாயல், சி என்றால் ரோஜாச் சாயல், என் என்றால் இரண்டுக்கும் நடு. மேக் (M.A.C) என்கிற மேக்கப் கம்பெனியில் மட்டும் இது தலைகீழ்: என்.சி. மஞ்சளுக்கு, என்.டபிள்யூ. ரோஜாவுக்கு. இது தெரியாமல் வாங்கி அவதிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

எழுத்தைவிட உங்கள் தாடையை நம்புங்கள். டெஸ்டர் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து, உங்கள் நிறத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற மூன்று ஷேட்டை எடுத்து, கன்னத்தின் அடியிலிருந்து கழுத்து வரை பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடு இழுங்கள். புறங்கையில் வேண்டாம், கை முகத்தைவிட அதிகம் வெயில் பட்டது. கடையின் டியூப்லைட்டையும் நம்பாதீர்கள், வாசலுக்கு வந்து நிழலில் நின்று பாருங்கள். சாம்பலாகத் தெரிகிற கோடு வெளுப்பு, இல்லை ரோஜாச் சாயல் அதிகம். ஆரஞ்சாகத் தெரிந்தால் அதுவும் உங்களுக்கு இல்லை. எந்தக் கோடு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறதோ அதுதான் உங்கள் ஷேட்.

உடனே வாங்கிவிடாதீர்கள். நம் தோலின் எண்ணெயோடு சேர்ந்தால் சில ஃபவுண்டேஷன்கள் நேரம் போகப் போகக் கறுக்கும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வேலையே எம்.சி. ரோட்டில்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கோடு போட்டுக்கொண்டு வந்து பில் போட உட்காருங்கள். நாலு மணிக்குக் கடை வாசலில் நின்று இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் தோலோடு தோலாக இருந்தால் வாங்கலாம்.

கழுத்து முகத்தைவிடக் கருப்பாக இருந்தால் நெஞ்சின் மேல்பகுதி நிறத்துக்குப் பொருத்துங்கள், பட்டுப்புடவையில் தெரியப்போவது அதுதான். கழுத்து மடிப்பு மட்டும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருக்கிறதா? அப்படியென்றால் தேய்த்துப் புண்ணாக்காமல் டாக்டரிடம் காட்டிச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். இது மேக்கப் சமாசாரமே இல்லை.

பவுடர் வேண்டாமா என்று கேட்டீர்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் பவுடர் இல்லாமல் எப்படி? ஃபவுண்டேஷன் ஷேட்டிலேயே ஒரு காம்பாக்ட் வாங்குங்கள். லூஸ் பவுடர்தான் வேண்டுமென்றால் மஞ்சள் சாயல் உள்ளது. பஃப்பால் நெற்றி, மூக்கு, மோவாயில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மண்டபத்தில் வேர்த்தால் முதலில் டிஷ்யூவால் ஒற்றிவிட்டு அப்புறம் பவுடர். ஈரத்தின்மேல் போட்டால் கோலமாவு குழைத்த மாதிரி ஆகிவிடும். எல்லாம் வாங்கிய பிறகு ஒரு நாள் ராத்திரி முழு மேக்கப்போடு அறை விளக்கை அணைத்துவிட்டு, தங்கையையோ தோழியையோ செல்போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

மாமியாரிடம் இந்த இரும்பு ஆக்சைடு கதையெல்லாம் வேண்டாம், "சரிங்க அத்தை" என்று சொல்லிவிடுங்கள். வாயைச் சுற்றியும் கண்ணுக்கு அடியிலும் இருக்கிற கருமையை ஆரஞ்சு கரெக்டரால் லேசாகச் சரிசெய்து, கன்னமேட்டில் துளி பொன்னிற ஹைலைட்டர் வையுங்கள். படத்தில் பளிச்சென்று இருந்தால் அவருக்கு அது போதும். யாராவது 'ஒரே மாசத்துல கலர் வரும்' என்று கம்பெனி பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை நீட்டினால் மட்டும் தொடாதீர்கள். அந்த மாதிரி கிரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருந்து, முகம் சிவந்து எரிந்து அழுதுகொண்டு பார்லருக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஷேட் பார்க்கப் போகும் அன்றைக்கு முகத்தில் பொட்டைத் தவிர எதுவும் வேண்டாம். கழுத்து நன்றாகத் தெரிகிற சுடிதாராகப் போட்டுக்கொண்டு போங்கள். துப்பட்டாவையும் கடை வாசலிலேயே எடுத்துவிடுங்கள்.