கடல் வற்றிய நேரத்தில்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எதிர்பாராமல் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. இரவு பத்து மணிக்கு யோசனை வந்தது, விடியும் முன்பே கிளம்பிவிட்டேன். திட்டம் ஏதும் இல்லாமல் தனியாகப் போவது எனக்கு இதுதான் முதல்முறை. நடுவில் மலையும் சுற்றிலும் பவளத் திட்டும் உள்ள ஒரு வெப்பமண்டலத் தீவு. மதியம் படகிலிருந்து இறங்கினால், படங்களில் பார்த்த நீலக் கடலையே காணோம். பாசி பிடித்த பாறையும் ஈர மணலும் கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தன. இதற்காகவா வந்தோம் என்று அழுகை வந்துவிட்டது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் இடம் மனதுக்குப் பிடித்தது, ஆனால் அன்று முழுக்க மழை. மறுநாள் திரும்பிவிட்டேன். முன்பே திட்டமிட்டிருந்தால் முதல் நாள் வீணாகியிருக்காதோ? இப்படித் திடீரென்று கிளம்புவதே பொறுப்பில்லாத வேலை என்கிறாள் அக்கா.

கௌ.

அன்புள்ள கௌ.,

தீவின் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன்.

நீங்கள் இறங்கியது கடல் வற்றியிருந்த நேரம். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. வற்றி முடித்ததிலிருந்து முழுதாக ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். பவளத் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஆழம் குறைவு, அதனால் ஒரு மீட்டர் நீர் இறங்கினாலே பெரிய பரப்பு தரையாகத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் அதிகமாகத் தெரியும். நீங்கள் தேடி வந்த நீலக் கடல் அன்று சாயங்காலமே கரைக்குத் திரும்பியிருக்கும். அப்போது நீங்கள் கதவைச் சாத்திப் படுத்திருந்தீர்கள் என்று படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது.

மாதக் கணக்கில் திட்டமிட்டு வந்திருந்தாலும் அந்த மதியம் அப்படித்தான் இருந்திருக்கும். சொல்லப்போனால், மணிக்கணக்கு போட்டு வருபவர்களுக்குச் சிரமம் கூடுதல். பதினோரு மணிக்கு நீச்சல் என்று எழுதி வைத்திருப்பார்கள், அந்த நேரத்தில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. ஏறும் நேரமும் வற்றும் நேரமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகின்றன. கையில் பட்டியல் இல்லாதவர் அந்தக் கணக்கோடு சேர்ந்து நகரலாம். திடீர்ப் பயணத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஆனால் கிளம்பின வேகத்திலேயே போய்ச் சேர்ந்துவிட முடியாது. முந்தின நாள் வரை வேலையில் இருந்த மனசு ஒரே பகலில் கரை இறங்கிவிடாது. தீவுகளுக்குப் போகும்போதெல்லாம் முதல் மாலை எனக்கும் கனமாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது அன்று எங்கேயும் போவதில்லை. பையை அறையில் போட்டுவிட்டு படகுத்துறையில் வந்து உட்கார்ந்துவிடுவேன். வலை பிரித்துக்கொண்டோ கயிறு சுற்றிக்கொண்டோ யாராவது இருப்பார்கள். கடல் நாளைக்கு எப்போது ஏறும் என்று அவர்களிடம் கேட்பேன். எப்போது நீந்துவது, எப்போது நடப்பது, எப்போது சும்மா இருப்பது எல்லாம் அந்த ஒரு பதிலில் கிடைத்துவிடும்.

மழை பற்றி ஒன்று. நடுவில் மலை உள்ள தீவில் காற்று மோதும் பக்கத்தில் மழை கொட்டும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். ஹவாயின் கவாய் தீவில் வையாலேயாலே சிகரத்தில் ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதே சிறிய தீவின் மேற்குக் கரை வறண்ட நிலம். அதனால் அடுத்த முறை மழை பிடித்துக்கொண்டால், மலைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

சரி, அக்கா சொன்னதற்கு வருகிறேன். கிளம்பியதில் தவறில்லை. ஆனால் சில விஷயங்களைத் தற்செயலுக்கு விடக்கூடாது என்பதில் நான் அவர் பக்கம். முதலில் அனுமதி. லட்சத்தீவுக்கு முன்கூட்டியே நுழைவு அனுமதி வாங்காமல் போக முடியாது. பிரேசிலின் ஃபெர்னாண்டோ டி நோரோன்யா தீவில் தங்கும் நாட்களுக்கேற்பச் சுற்றுச்சூழல் வரி கட்ட வேண்டும். இரவு பத்து மணிக்கு யோசனை வந்தாலும் இதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அப்புறம் திரும்பும் படகு. ஒருமுறை கடல் கொந்தளித்துப் படகுகள் இரண்டு நாள் நின்றுபோயின. என்னிடம் இரத்த அழுத்த மாத்திரை ஒரே ஒரு நாளுக்குத்தான் இருந்தது. அந்தச் சின்னத் தீவில் மருந்துக்கடை கிடையாது. இரண்டாம் நாள் இரவு பயத்தில் நான் தூங்கவே இல்லை. அதற்குப் பிறகு, இரண்டு நாள் பயணம் என்றாலும் ஒரு வாரத்து மாத்திரையோடுதான் போகிறேன்.

இதைவிட முக்கியம் நீரோட்டம். நீங்கள் தனியாகப் போவதால் கூடுதலாகவே சொல்கிறேன். அலைகள் பவளத் திட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவரும் தண்ணீர், திட்டில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாக, ஆழ்ந்த நிறத்தில் இருக்கும். புதிதாக வருபவர் இதுதான் நீந்த நல்ல இடம் என்று அங்கே போய் இறங்குவார், நீர் அவரை வெளியே இழுத்துவிடும். இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவிக்குக் கூப்பிடுங்கள். எங்கே இறங்கலாம் என்பதை அந்த ஊர்க்காரரிடம் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

மீண்டும் போவீர்கள் என்றுதான் தோன்றுகிறது. போனால், கடல் வற்றியிருக்கும்போது அந்தப் பாசிப் பாறைகளுக்கே ஒரு நடை போய் வாருங்கள். குழிகளில் தேங்கிய நீரில் விரல் நீள மீன்கள், யாரோ விட்டுப்போன சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் எல்லாம் இருக்கும். நீங்கள் நடந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு கிளிமீன்கள் உண்டாக்கியது. பவளப் பாறையைக் கடித்து, அரைத்து, மணலாகக் கழிக்கின்றன. பெரிய மீன் ஒன்றே ஆண்டுக்குச் சில நூறு கிலோ மணல் தரும். கனமான அடியுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள பவளத்தின் மேல் மட்டும் மிதித்துவிடாதீர்கள். பாறையாகத் திரளும் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளரவே பெரும்பாலும் ஓராண்டு ஆகிவிடும். நீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள்.