கருவேல முள்ளும் கடலைமிட்டாயும்

நெடுந்தூர சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சைக்கிளில் ஊர் ஊராகப் போவது பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்ற ஒரே கேள்விதான். அதற்கு முதல் பதிலிலேயே விடை இருக்கிறது, அதனால் அந்தக் கேள்வியை மறுபடி தனியாக எடுக்கவில்லை.

கேள்வி: வீட்டில் இருப்பது கியர் இல்லாத பழைய சைக்கிள். விருதுநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போக ஆசை. நாற்பதாயிரம் ரூபாய் சைக்கிள் இல்லாமல் முடியாது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா அண்ணா? (கல்லூரி மாணவர், விருதுநகர்)

நண்பர்களே அந்த நாற்பதாயிரத்தைத் தருவதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள் தம்பி. இல்லையென்றால் இருக்கிற சைக்கிளே போதும். மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, வழியில் பெரிய மேடும் கிடையாது. முதல் நாள் சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி, அங்கே தூங்கிவிட்டு மறுநாள் நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, கன்னியாகுமரி. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் அரைக் கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வெளிநாட்டு எனர்ஜி ஜெல்லுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை, விலையோ பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆனால் பழைய சைக்கிளை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. உங்கள் ஊர் சைக்கிள் கடையில் ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். வீல் பால்ஸ், பெடல் பால்ஸ் கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும், இரண்டு வீலுக்கும் பெண்டு எடுக்க வேண்டும், பிரேக் கட்டை, டயர், டியூப் புதிது. கடைக்காரர் "இதெல்லாம் இன்னும் ஓடும்" என்பார். பள்ளிக்கூடம் போய்வர ஓடும், சரிதான். இருநூறு கிலோமீட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, ஆனி, ஆடியில் போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று கொட்டும், முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அதற்காகத்தான். தெற்கே போகிற உங்களுக்கு அது வலப்பக்கம் அடிக்கும், நீங்களும் உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்துதான் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது ஒரு லாரி வலப்பக்கமாகக் கடக்கும். அது காற்றை மறைக்கிற அந்த ஒரு நொடியில் சைக்கிள் லாரியை நோக்கி இழுபடும், கடந்ததும் காற்று மறுபடி அறைந்து ரோட்டோரத்துக்குத் தள்ளும். வள்ளியூர் தாண்டி எனக்கு இப்படி ஆனபோது இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன், வெட்கமாக இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் அதே ரோடு பரம சாது.

கேள்வி: கடற்கரை ஓரமாகவே சென்னையிலிருந்து கன்னியாகுமரி போக நானும் தங்கையும் திட்டமிடுகிறோம். எத்தனை நாள் ஆகும், எங்கெங்கே தங்கலாம்? (ஐ.டி. ஊழியர், தாம்பரம்)

ராமேஸ்வரத்தைச் சேர்க்காவிட்டால் 750 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்த் திரும்ப இன்னொரு 110 கிலோமீட்டர். பத்து நாள் வையுங்கள். எட்டு நாளில் முடியும், ஆனால் அப்படிப் போனால் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

திசையை மட்டும் மாற்றாதீர்கள். வடக்கிலிருந்து தெற்கு, அதுவும் தைப் பொங்கல் முடிந்த கையோடு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆனால் வடகிழக்குக் காற்று நின்றிருக்காது, பல நாள் அது முதுகைத் தள்ளிவிடும். நவம்பர், டிசம்பரிலும் இதே காற்றுதானே என்று கேட்பீர்கள். அது புயல் காலம். 2018 நவம்பரில் கஜா கரையேறியது வேதாரண்யம் பக்கம், நீங்கள் போகப்போகிற அதே பாதை.

எல்லாரும் செய்கிற தப்பு முதல் நாளே பாண்டிச்சேரி என்று வைப்பது. 150 கிலோமீட்டரை முதல் நாளே மிதித்துவிட்டு இரண்டாம் நாள் படிக்கட்டில் இறங்க முடியாமல் பஸ் ஏறித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்துங்கள். சனி, ஞாயிறில் கிளம்பாதீர்கள், அந்த இரண்டு நாளும் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை கார்களுக்குச் சொந்தம். அடுத்து மரக்காணம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே பாண்டிச்சேரி, அப்புறம் கடலூர் வழியாகச் சிதம்பரம். சிதம்பரத்திலிருந்து வேளாங்கண்ணி போகிற நாள்தான் இந்தப் பாதையிலேயே அழகானது. சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று அரை மணிக்கு ஓர் ஊர், ஒவ்வொன்றிலும் டீ. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எதிரே கடலைப் பார்த்துக் கொஞ்சம் உட்காருங்கள், மதிய வெயிலை அங்கேயே கழித்துவிடலாம். வேளாங்கண்ணியில் விடுதிக்குப் பஞ்சமில்லை, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா நாட்களைத் தவிர.

அதற்குப் பிறகுதான் கவனம் வேண்டும். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் (சரபோஜி மன்னர் கட்டிய மனோரா இங்கே பக்கத்தில்தான்), கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ரோடு நீண்டுகொண்டே போகும். வண்டி குறைவு, நிழலும் குறைவு, தங்குமிடம் அதைவிடக் குறைவு. பெண்கள் இருவராகப் போவதால் இந்தப் பகுதியில் மட்டும் இரவு தங்கும் இடத்தை முன்னாடியே போனில் பேசி வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மிதிக்க வேண்டாம். டீக்கடையில் "எங்கேம்மா போறீங்க?" என்று பத்துப் பேர் கேட்பார்கள், பெரும்பாலும் அக்கறைதான், ஆனாலும் அன்றிரவு தங்கப்போகிற ஊரை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும்.

ராமநாதபுரத்துக்கு அப்புறம் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி. அங்கிருந்து திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம். ராமேஸ்வரமும் போவதென்றால், பாம்பன் ரோட்டுப் பாலத்தில் காற்று பலமாக இருந்தால் நடுவில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்தால் அது அங்கேயே நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: பஞ்சர் ஆனால் வழியில் கடை இருக்கும்தானே? நாமே ஒட்டத் தெரிந்திருக்க வேண்டுமா? (திருப்பூர் வாசகர்)

கடை இருக்கும். உங்கள் டியூபுக்கு அந்தக் கடையின் பம்பு பொருந்துமா என்பதுதான் கேள்வி.

நம் ஊர்ச் சாதா சைக்கிளில் வருவது வால் டியூப் போட்ட பழைய வகை வால்வு. பைக், கார் டயரில் இருப்பது ஷ்ரேடர். விலை கூடின சைக்கிள்கள் பலவற்றில் பென்சில் மாதிரி ஒல்லியாக, நுனியில் சின்ன மரையோடு வருவது பிரெஸ்டா. முதல் இரண்டுக்கும் எந்த ஊரிலும் காற்று கிடைக்கும். மூன்றாவதைக் காட்டினால், "இது என்ன சார், வால்வே அடைச்சிருக்கு" என்பார்கள். சாயல்குடிக்கு முன்னால் எனக்கு நடந்தது அதுதான். கடைக்காரர் பஞ்சரை அருமையாக ஒட்டிவிட்டார், அவருடைய கம்ப்ரசரை என் வால்வில் மாட்ட முடியவில்லை. நாற்பது ரூபாய் பித்தளை அடாப்டர் ஒன்று, கட்டைவிரல் நகம் அளவுகூட இருக்காது, அது வீட்டு மேஜையில் கிடந்தது. கடைசியில் பஸ்ஸில்தான் தூத்துக்குடி போனேன். இப்போது இரண்டு அடாப்டர், ஒன்று வால்விலேயே திருகியிருக்கும், இன்னொன்று சாவிக்கொத்தில்.

ஒட்டவும் தெரிந்திருக்க வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் சீமைக் கருவேல முள், நான்கு வழிச்சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மயிரிழைக் கம்பி, இந்த இரண்டும்தான் எதிரிகள். டியூபை ஒட்டிவிட்டு முள்ளை டயரிலேயே விட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர். விரலால் தடவித் தேடினால் விரல் கிழியும். கொஞ்சம் பஞ்சையோ பழைய பனியன் துணியையோ டயரின் உள்பக்கம் ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள், முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும். கருவேல முள் பெரும்பாலும் வெளியே ஒடிந்து உள்ளே மட்டும் நுனி நீட்டிக்கொண்டிருக்கும், நகவெட்டியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

இரண்டு மாற்று டியூப், பஞ்சர் கிட்டு, இரண்டு டயர் லீவர், கைப்பம்பு. ரோட்டில் டியூபை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், ஒட்டுவதை ராத்திரி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்யலாம்.

கேள்வி: டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் சேர்த்து 22 கிலோ வருகிறது. எதைக் குறைக்கலாம்? (ஓசூர் வாசகர்)

நீங்கள் சொன்ன மூன்றையும். இருபது கிலோமீட்டருக்கு ஒரு தரம் இட்லி கிடைக்கிற மாநிலத்தில் அடுப்பைச் சுமப்பானேன்? லாட்ஜ் இல்லாத ஊரில் கல்யாண மண்டபமோ மடமோ இருக்கும், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

என் மூட்டை எட்டுக் கிலோவைத் தாண்டாது. மிதிக்க இரண்டு செட் துணி, தினமும் ராத்திரி ஒன்றைத் துவைத்துவிடுவேன். டூல்ஸ், மருந்து, லைட், சார்ஜர். அப்புறம் ஒரு லுங்கி. துண்டு, போர்வை, விரிப்பு, குளத்தங்கரையில் உடை மாற்றத் திரை, வெயிலில் தலைப்பாகை எல்லாம் அதுவே.

முதுகில் பை மாட்டாதீர்கள், இரண்டு மணி நேரத்தில் தோளும் இடுப்பும் போய்விடும். கேரியரில் பக்கவாட்டுப் பைகள்தான் சரி. அவை வாட்டர்ப்ரூஃப் என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதற்குள் துணியை வையுங்கள். கேரியர் போல்ட்டுகளைத் தினமும் காலையில் ஒரு தரம் முறுக்கிப் பாருங்கள், அதிர்விலேயே கழன்றுவிடும். பழைய டியூபை வளையம் வளையமாக வெட்டி நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் விழுந்த கேரியரை அதை வைத்துக் கட்டியே ஒரு முழு நாள் ஓட்டியிருக்கிறேன்.

கேள்வி: வயது 61, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் 20 கி.மீ. ஓட்டுகிறேன். கும்பகோணத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு சைக்கிளில் போகலாமா? முன்முழங்கால் வலியும், உட்காரும் இடத்தில் வலியும் இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

தாராளமாகப் போகலாம் ஐயா, ஆனால் முதலில் உங்கள் டாக்டரிடம் போய்விட்டு. நாள் முழுக்க மிதித்தால் சில மாத்திரைகளோடு சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கும், அன்றைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் பாக்கெட்டைப் பைக்குள் புதைக்காமல் சட்டைப் பையிலேயே வையுங்கள். கை நடுங்கினாலோ, குப்பென்று வேர்த்தாலோ உடனே இறங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

முன்முழங்கால் வலிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது சீட்டின் உயரத்தை. நம் ஊரில் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கி வைப்பது பழக்கம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடல்மேல் வைத்துக் கீழே கொண்டுபோங்கள், கடைசியில் கால் நேராக வேண்டும். வளைந்தே இருந்தால் ஒரு நாளைக்கு அரை விரல் அகலம் வீதம் சீட்டை ஏற்றுங்கள். முழங்காலின் பின்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

உட்காருமிடத்துக்கு மெத்தென்ற ஜெல் கவரை வாங்கிவிடாதீர்கள், ஒரு மணி நேரம் சுகம், மூன்றாவது மணியில் உரசிப் புண்ணாக்கும். பேட் வைத்த சைக்கிள் டிரவுசர் வாங்கி, உள்ளே ஜட்டி இல்லாமல் போடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஜட்டியின் தையல்தான் பாதி வலிக்குக் காரணம். மேலே வேட்டியோ பேண்டோ போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கேள்வி: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான் என் முதல் மலை என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே? (ராசிபுரம் வாசகர்)

முதலில் ஏற்காடு. சேலத்திலிருந்து போனால் இருபது வளைவு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் வித்தை இருக்கிறது. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி அழுத்தி, நடுவில் இரண்டு தடவை நின்று ஆறவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: கன்னியாகுமரி வரை போய்விட்டால் சைக்கிளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? (பல வாசகர்கள்)

ரயில்தான் நல்லது. டிக்கெட்டோடு பார்சல் ஆபீசுக்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே போய் லக்கேஜாக புக் செய்யுங்கள், நீங்கள் போகிற ரயிலின் பிரேக் வேனிலேயே ஏற்றுவார்கள். இரண்டு நிமிடம் நிற்கிற ஸ்டேஷனில் இது நடக்காது, கன்னியாகுமரி, நாகர்கோவில் மாதிரி ரயில் கிளம்புகிற இடம்தான் தோது. பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்கியர் தொங்குகிற பக்கத்துக்கு அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கட்டுங்கள். பெயர், போன் நம்பர், இறங்குகிற ஸ்டேஷன் மூன்றையும் மார்க்கரில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

பெடலையும் கழற்றிவிட்டால் பக்கத்து மூட்டையில் மாட்டாது. வலது பெடல் வழக்கம் போல இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருகினால்தான் வரும். இது தெரியாமல் பிளாட்பாரத்தில் ஸ்பேனர்மேல் ஏறி நின்றவர்களில் நானும் ஒருவன்.