குறுக்குவழியில் காணாமல் போகும் காரணி

கேள்வி: ய²+5ய+6 போன்ற இருபடிக் கோவைகளை என் மகள் உடனே காரணிப்படுத்திவிடுகிறாள். 6ய²+7ய−3 என்று முன்னால் ஓர் எண் வந்தால் திணறுகிறாள். குறுக்குவழி கற்றுத்தரும் கட்டண வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அவளுக்குக் குறைவது ஒரே ஒரு படிதான்.

இதுவரை, பெருக்கினால் கடைசி எண்ணும் கூட்டினால் நடு எண்ணும் தரும் இரு எண்களைத் தேடியிருப்பாள். இனி கடைசி எண்ணை முதல் எண்ணால் பெருக்கிவிட்டுத் தேட வேண்டும். 6 × (−3) = −18. பெருக்கினால் −18, கூட்டினால் 7. அவை 9, −2. உடனே (ய+9)(ய−2) என்று எழுதிவிடுவார்கள் பிள்ளைகள். கூடாது. இந்த எண்கள் 7ய என்ற நடு உறுப்பை உடைப்பதற்கு மட்டுமே:

6ய²+9ய−2ய−3
= 3ய(2ய+3) − 1(2ய+3)
= (2ய+3)(3ய−1)

இரண்டாம் வரியில் −1 வெளியே வந்ததால் −3 உள்ளே +3 ஆனது. அங்கே கவனம் வேண்டும்.

குறுக்குவழிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? 9, −2 இரண்டையும் 6-ஆல் வகுத்து, 3/2, −1/3 என்று சுருக்கி, பின்னத்தின் கீழ் எண்ணைத் தூக்கி ய-வுக்கு முன்னால் வைக்கிறார்கள். விடை சரியாகவே வரும். இதைக் காட்டித்தான் பணம் வாங்குகிறார்கள். 12ய²+14ய−6 கொடுத்துப் பாருங்கள். 18, −4 கிடைக்கும், 12-ஆல் வகுத்துச் சுருக்கினால் அதே (2ய+3)(3ய−1) வந்து நிற்கும். கோவை இரு மடங்கானபின் அதே விடை எப்படிச் சரியாகும்? பொதுக் காரணி 2 சுருக்கும்போதே தொலைந்துவிட்டது. முதலில் 2-ஐ வெளியே எடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

இன்னொன்று. ய²+5ய+3-ஐக் கொடுத்தால் உங்கள் மகள் எவ்வளவு நேரம் தேடினாலும் முழு எண்கள் கிடைக்கா. பெருக்கினால் 3 தருபவை 1, 3 அல்லது −1, −3. கூட்டினால் 4 அல்லது −4. ஐந்து வராது. அது அவள் குற்றமில்லை. பயிற்சிப் பக்கத்தில் பிரியும் கோவைகளையே வரிசையாக அடுக்கிவைத்தால், பிரியாததும் உண்டு என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பாடம் எழுதுபவர்களுக்கு இது ஏன் தோன்றுவதில்லையோ!

தேடும் முன் சோதிக்க வழி இருக்கிறது. நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து, முதல் எண், கடைசி எண் இவற்றின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழியுங்கள். முழு வர்க்கம் வந்தால் பிரியும். இங்கே 25−12 = 13, பிரியாது. உங்கள் மகளின் கணக்கில் 49+72 = 121, அதாவது 11-இன் வர்க்கம்; தாராளமாகத் தேடலாம்.