ஸ்மியர் பாசிட்டிவ், சிபிநாட் நெகட்டிவ்: ஏன்? காசநோய்க் கிருமிகள் பற்றிய கேள்வி பதில்

காசநோய்க் கிருமி, அதன் உறவுக்கிருமிகள் பற்றி ஆய்வகத்தினரும் மருத்துவர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, மைக்கோபாக்டீரியா ஆய்வகப் பணியில் உள்ள நுண்ணுயிரியலாளர் தரும் பதில்கள். ஸ்மியர் என்பது சளியை ஸ்லைடில் தடவி, நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது; சிபிநாட் என்பது கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் இயந்திரச் சோதனை; கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்ப்பது.

கேள்வி (ஆய்வக நுட்பநர்): மேடம், எங்கள் லேபில் எம்ஜிஐடி (கிருமியை வளர்க்கும் திரவ ஊடக) குழாய்களில் 14 சதவீதம் வேறு பாக்டீரியா வளர்ந்து கெட்டுப்போயின. சளியில் மற்ற பாக்டீரியாவைக் கொல்லச் சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடைக் கூட்டினோம். இப்போது 1 சதவீதம்தான் கெடுகிறது. ஆனால் ஸ்மியர் பாசிட்டிவ் மாதிரிகளில்கூட வளர்ச்சி வருவதில்லை. எங்கே தவறு?

பதில்: அந்த 1 சதவீதம்தான் தவறைச் சொல்கிறது. திரவ ஊடகத்தில் 8 முதல் 10 சதவீதம் வரையும், எல்ஜே முட்டை ஊடகத்தில் 3 முதல் 5 சதவீதம் வரையும் கெடுவது இயல்பு. அதற்கு வெகுவாகக் கீழே போனால், காரம் மற்ற பாக்டீரியாவோடு காசநோய்க் கிருமியையும் கொன்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

அளவுகளை முதலில் சரிபாருங்கள். 4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடும் 2.9 சதவீத சோடியம் சிட்ரேட்டும் சம அளவு. அதில் 100 மி.லி.க்கு 0.5 கிராம் என்ஏஎல்சி. சளியும் இந்தக் கரைசலும் சம அளவாகச் சேரும்போது காரத்தின் இறுதி அடர்த்தி 1 சதவீதம். என்ஏஎல்சியின் சளி இளக்கும் திறன் 24 மணி நேரத்துக்குள் போய்விடும். நேற்றுக் கலந்ததை இன்று ஊற்றினால் சளி இளகாது. இளகாத சளிக்குள் மற்ற பாக்டீரியா பதுங்கிப் பிழைக்கும். உங்கள் பழைய 14 சதவீதத்துக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் காரத்தைக் கூட்டியதே தேவையற்ற வேலை.

அடுத்தது நேரம். 15 நிமிடம் என்பது முதல் குழாயில் கரைசல் விழுந்த கணத்திலிருந்து. ஒரே மூச்சில் 24 குழாய்களை எடுத்தால், கடைசிக் குழாயை முடிக்கும்போது முதல் குழாய் அரை மணி நேரம் காரத்தில் கிடந்திருக்கும். எட்டு எட்டாக எடுங்கள். நேரம் முடிந்ததும் பிஎச் 6.8 பாஸ்பேட் கரைசலை 45 மி.லி. கோட்டைத் தாண்டி ஊற்றுங்கள். குறைவாக ஊற்றினால் காரம் அடங்காமல் கொல்வதைத் தொடரும்.

மூன்றாவது சென்ட்ரிஃப்யூஜ், அதாவது சுழற்றிக் கிருமியை அடியில் படியவைக்கும் இயந்திரம். இந்தக் கிருமியின் உறை கொழுப்பு நிறைந்தது. எளிதில் அடியில் படியாது. 3,000 ஜி (புவியீர்ப்பின் 3,000 மடங்கு) விசையில் 15 முதல் 20 நிமிடம் வேண்டும். பல இடங்களில் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துவிடுகிறார்கள். ரோட்டரின் ஆரம் 16 செ.மீ. என்றால் 3,000 சுற்றில் கிடைப்பது சுமார் 1,600 ஜி மட்டுமே. 3,000 ஜி கிடைக்கச் சுமார் 4,100 சுற்று தேவை. ஆரத்தை செ.மீ.யில் அளந்து, சுற்றின் வர்க்கத்தோடும் 0.00001118 என்ற எண்ணோடும் பெருக்கினால் ஜி கிடைக்கும். கணக்கைப் போட்டு இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவையுங்கள். குளிரூட்டும் வசதி இல்லாத இயந்திரம் ஓடும்போது சூடேறி அதனாலும் கிருமி சாகும்.

இன்னொன்று. தொலைவிலிருந்து வரும் சளியில் சிபிசி என்ற பாதுகாப்பான் சேர்த்து அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அந்த மாதிரிகளை எம்ஜிஐடியில் போடவே கூடாது. சிபிசியின் மிச்சம் வளர்ச்சியைத் தடுக்கும். எல்ஜே ஊடகத்தில் முட்டையின் பாஸ்போலிப்பிடு அதை அடக்கிவிடுவதால் அங்கே போடலாம்.

கேள்வி (முதுநிலை நுண்ணுயிரியல் மாணவி): ஸ்மியர் 2+ வந்தது. அதே சளியில் சிபிநாட் "எம்டிபி இல்லை" (காசநோய்க் கிருமி இல்லை) என்கிறது. இயந்திரத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஸ்லைடில் தெரிய ஒரு மி.லி. சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும். சிபிநாட் கார்ட்ரிட்ஜுக்குச் சுமார் 130 போதும், அதன் புதிய வடிவமான அல்ட்ராவுக்கு 16 அளவே போதும். 2+ என்றால் ஒரு புலத்துக்கு 1 முதல் 10 கிருமி. அவ்வளவு காசநோய்க் கிருமி இருந்தால் கார்ட்ரிட்ஜ் தவறவிடாது. ஆகவே ஸ்லைடில் பார்த்தது காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா, அதாவது என்டிஎம், என்பதுதான் முதல் எண்ணமாக வர வேண்டும். அமில நிறமேற்பு குடும்பப் பெயரைத்தான் சொல்லும். ஆளின் பெயரைச் சொல்லாது.

அதற்கு முன் வீட்டுத் தவறுகளைத் தள்ளுங்கள். நிறமிக் கரைசலைக் குழாய்த் தண்ணீரில் தயாரித்தீர்களா? குழாய்த் தண்ணீரிலேயே என்டிஎம் வாழும். முந்தைய பாசிட்டிவ் ஸ்லைடின் எண்ணெய் லென்ஸில் ஒட்டியிருந்ததா? ஸ்லைடு எண் மாறியதா? நோகார்டியா என்ற வேறு பாக்டீரியாவா என்ற சந்தேகம் வந்தால், 25 சதவீத கந்தக அமிலத்தில் அது பெரும்பாலும் நிறமிழக்கும், 1 சதவீதத்தில் தாங்கும்.

அடுத்து கல்ச்சர். எம்ஜிஐடி குழாய் பாசிட்டிவ் ஆனதும் மூன்று வேலை: இசட்என் (அமில நிறமேற்பு) ஸ்மியர், வேறு பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க ரத்த அகாரில் ஒரு கோடு, காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டும் எம்பிடி64 பட்டை. ஸ்மியர் பாசிட்டிவ், அகார் சுத்தம், பட்டை நெகட்டிவ் என்றால் என்டிஎம் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இனத்தைக் கண்டறிய அனுப்புங்கள். ஆனால் ஒரே ஒரு சளிக் கல்ச்சரை வைத்து என்டிஎம் நோய் என்று எழுதிவிட வேண்டாம். தனித்தனியாக எடுத்த இரண்டு சளிகளில் அதே இனம் வளர வேண்டும், அல்லது மூச்சுக்குழல் கழுவுநீரில் ஒரு முறை. அதோடு அறிகுறியும் ஸ்கேனும் பொருந்த வேண்டும். மண்ணிலும் நீரிலும் எங்கும் இருக்கும் கிருமி இது.

கேள்வி (மாவட்ட மருத்துவ அலுவலர்): இரண்டு ஆண்டுக்கு முன் சிகிச்சை முடித்தவருக்கு இருமல். அல்ட்ரா "ட்ரேஸ்" என்கிறது.

பதில்: கிருமியின் டிஎன்ஏவில் பல பிரதிகளாக இருக்கக்கூடிய ஐஎஸ்6110, ஐஎஸ்1081 என்ற இலக்குகள் மட்டும் கிடைத்து, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்கான எதிர்ப்பைக் காட்டும் ஆர்பிஓபி மரபணு கிடைக்காதபோது வருவது ட்ரேஸ். அதனால்தான் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பற்றி அதில் எதுவும் சொல்ல முடியாது. குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், நுரையீரலுக்கு வெளியே எடுத்த மாதிரி ஆகியவற்றில் ட்ரேஸை பாசிட்டிவ் என்றே கொள்ளலாம். உங்கள் நோயாளி அந்த வகையில் இல்லை. செத்த கிருமியின் டிஎன்ஏ ஆண்டுக்கணக்கில் சளியில் வரும். கல்ச்சர் போடுங்கள், பழைய எக்ஸ்ரேயோடு புதியதை ஒப்பிடுங்கள். சிகிச்சையின் முன்னேற்றத்தை ஸ்மியரிலும் கல்ச்சரிலும்தான் பார்க்க வேண்டும், சிபிநாட்டில் அல்ல.

கேள்வி (ஆய்வு மாணவர்): நாங்களே ஒரு பிசிஆர் வடிவமைக்கிறோம். ஐஎஸ்6110 ஒன்றையே இலக்காக வைத்தால் போதுமா?

பதில்: தமிழ்நாட்டு மாதிரிகளுக்குப் போதாது. தென்னிந்தியாவில் அதிகம் சுற்றுவது லினியேஜ் 1 வகைக் கிருமி. அதில் பல விகாரங்களில் (உள்வகைகளில்) ஐஎஸ்6110 ஒரே பிரதியாக இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. மேலை நாட்டு விகாரங்களில் 10, 15 பிரதி இருக்கும் என்பதை நம்பி எழுதப்பட்ட உணர்திறன் கணக்கு இங்கே எடுபடாது. ஐஎஸ்1081 அல்லது ஆர்பிஓபி போன்ற இன்னொரு இலக்கையும் சேருங்கள். சரிபார்ப்புக்கு ஆய்வகத்து எச்37ஆர்வி விகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. உள்ளூர் லினியேஜ் 1 விகாரங்களைக் கட்டாயம் சேருங்கள். தென்னிந்திய விகாரங்கள் தனித்தன்மை கொண்டவை என்பது புதிய செய்தி அல்ல. சென்னை நோயாளிகளிடம் எடுத்த பல விகாரங்கள் கினிப்பன்றிகளில் பிரிட்டிஷ் விகாரங்களைவிட வீரியம் குறைந்திருந்ததை 1960களிலேயே கண்டார்கள்.

கேள்வி (அறுவை சிகிச்சை நிபுணர்): லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்து ஒரு மாதம் கழித்து, துளை போட்ட இடத்தில் கட்டி, சீழ். சாதாரண கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. டிபி மருந்து தொடங்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மூன்று நான்கு வாரம் கழித்து, காய்ச்சல் இல்லாமல், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அசையாமல் துளையிடத்தில் கசிகிறது என்றால், வேகமாக வளரும் என்டிஎம் என்று வைத்துத் தொடங்குங்கள்: அப்செசஸ், ஃபார்ச்சூயிட்டம், கெலோனே. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுக்கும் இவை மசியாது. ஆறு மாதம் வீணாகி, நோயாளியின் கல்லீரல் மட்டும் அடி வாங்கும்.

பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பாதீர்கள். ஊசியில் உறிஞ்சிய சீழ் அல்லது வெட்டியெடுத்த திசு வேண்டும். விண்ணப்பத்தில் "என்டிஎம் சந்தேகம்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 48 மணி நேரத்தில் தட்டை வீசிவிடுவார்கள். இவை வளரும் நேரமே மூன்று முதல் ஏழு நாள். 37 டிகிரியோடு 30 டிகிரியிலும் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். கெலோனே குளிர்ந்த வெப்பநிலையில்தான் நன்றாக வளரும்.

அப்செசஸ் வந்தால் கிளாரித்ரோமைசின் மருந்து வேலை செய்யுமா என்ற சோதனையின் முடிவை மூன்றாம் நாளோடு நிறுத்தவிடாதீர்கள். அதன் இஆர்எம்41 மரபணு, மருந்தைக் கண்ட பிறகே விழித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் "மருந்து வேலை செய்யும்" என்று காட்டியது 14ஆம் நாள் எதிர்ப்பாக மாறும். மசிலியென்ஸ் என்ற துணையினத்தில் அந்த மரபணு குறைபட்டிருப்பதால் மருந்து வேலை செய்யும். துணையினம் தெரியாமல் மருந்து எழுதுவது இருட்டில் கல்லெறிவதுதான்.

இனி உங்கள் தியேட்டர். 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறப்போட்டு எடுத்தால் அது ஸ்டெரிலைசேஷன் ஆகாது. அதற்கு 10 மணி நேரம் வேண்டும். ட்ரோக்கார் (துளையிடும் கருவி), கைப்பிடி, காப்புறை என எல்லாவற்றையும் பிரித்துத் தேய்த்துக் கழுவாவிட்டால், இடுக்கில் காய்ந்த ரத்தத்துக்குள் திரவம் இறங்காது. ஊறவைத்து எடுத்ததைக் கொதிக்கவைத்த குழாய்த் தண்ணீரில் அலசுவதுதான் பெரும்பாலும் கிருமியைத் திரும்பக் கொண்டுவருகிறது. கரைசலின் வீரியத்தைச் சோதனைப் பட்டையில் தினமும் பாருங்கள். பிரேசிலில் 2000களில் பல மருத்துவமனைகளில் பரவிய மசிலியென்ஸ் விகாரம் 2 சதவீதக் குளுட்டரால்டிஹைடையே தாங்கி நின்றது. ஆட்டோகிளேவ் செய்யக்கூடிய கருவியை ஆட்டோகிளேவ் செய்யுங்கள். இந்தத் தொற்று முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது.

கேள்வி (உயிரியல் ஆசிரியர்): செங்கல்பட்டு ஆய்வு பிசிஜி தடுப்பூசி பயனற்றது என்று காட்டியதாகப் படித்தேன். அப்படியென்றால் குழந்தைகளுக்கு ஏன் போடுகிறோம்?

பதில்: 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய அந்த ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 15 ஆண்டு பின்தொடர்ந்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுத்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வு விடை சொன்னது அந்தக் கேள்விக்கு. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோயையும் உடல் முழுதும் பரவும் மிலியரி வகையையும் பிசிஜி தடுக்கிறது என்பதற்குத் தனிச் சான்றுகள் உண்டு. அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறோம்.

ஏன் தடுக்கவில்லை என்பதற்கு அதிகம் பேசப்படும் விளக்கம் மறுபடியும் என்டிஎம்தான். அங்கே மண்ணிலும் நீரிலும் அவை நிறைய. சிறு வயதிலேயே அவற்றோடு பழகிய உடலுக்குத் தடுப்பூசி புதிதாக எதையும் கூட்டவில்லை, அல்லது கூட்டியதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்கிறார்கள். முழுதாக நிறுவப்பட்டதல்ல, ஆனால் எந்தப் புதுத் தடுப்பூசியையும் நம் ஊரில் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு இது போதும். இப்போது மூன்றாம் கட்டத்தில் இருக்கும் எம்72 தடுப்பூசி, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவில் நடந்த இரண்டாம் கட்டத்தில், ஏற்கெனவே தொற்று இருந்த பெரியவர்களிடம் மூன்றாண்டில் ஏறத்தாழ 50 சதவீதம் பாதுகாப்பு தந்தது.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர்): மேடம், வீட்டில் ஒருவருக்கு டிபி. மகளுக்கு மான்டூ (தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டிபி தொற்றுச் சோதனை) 14 மி.மீ. அவளுக்கும் மருந்தா?

பதில்: 14 மி.மீ. தடிப்பா, சிவப்பா? 48 முதல் 72 மணி நேரத்துக்குள், விரலால் தடவித் தெரியும் தடிப்பை மட்டும், முன்கைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். தடிப்புதான் என்றால் தொற்று இருக்கிறது. நோய் இருக்கிறது என்று பொருளல்ல. எக்ஸ்ரேயும் அறிகுறியும் பார்த்து நோயில்லை என்று உறுதிசெய்த பிறகே தடுப்பு மருந்து. நோய் இருக்கும்போது தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பை நாமே வளர்ப்போம்.

கேள்வி (பொது சுகாதார மாணவர்): 1956 சென்னை ஆய்வு சாப்பாடு முக்கியமில்லை என்றது, ஜார்க்கண்ட் ஆய்வு சாப்பாடே முக்கியம் என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் வேறு வேறு கேள்விகள். சென்னையில், ஐசோனியசிட், பிஏஎஸ் என்ற டிபி மருந்துகளை ஓராண்டு ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள், நெரிசலான வீட்டில் எளிய உணவோடு இருந்தும் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவ இல்லத்தில்) இருந்தவர்களைப் போலவே பெரும்பாலும் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடவில்லை. உலகம் முழுதும் சானடோரியங்கள் மூடியதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்க்கண்டின் ரேஷன்ஸ் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தினர் 10,345 பேரைப் பார்த்தது. மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரை பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மருந்து குணமாக்கும்; உணவு தொற்றை நோயாக்காமல் தடுக்கும். மிகவும் மெலிந்த நோயாளி மருந்து வேலை செய்யத் தொடங்குமுன்பே இறந்துவிடுகிறார் என்பதும் உண்மை. அதனால்தான் 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்ட அன்றே பிஎம்ஐ, ஆக்சிஜன் அளவு, பிடியில்லாமல் நிற்க முடிகிறதா போன்றவற்றைப் பார்த்து, தேவைப்படுவோரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது.

கேள்வி (மருத்துவ மாணவர்): சிபிநாட்டில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று வந்தால் கவலையில்லைதானே?

பதில்: அந்தக் கார்ட்ரிட்ஜ் ஐசோனியசிட்டைப் பார்ப்பதே இல்லை. எல்பிஏ (எதிர்ப்பு தரும் மரபணு மாற்றங்களைப் பட்டையில் காட்டும் சோதனை) போடுங்கள். காட்ஜி மரபணுவில் மாற்றம் என்றால் உயர்ந்த எதிர்ப்பு. இன்ஹெச்ஏ மரபணுவில் மாற்றம் என்றால் பொதுவாகத் தாழ்ந்த எதிர்ப்பு, ஆனால் எத்தியோனமைடு என்ற மருந்தும் கூடவே பயனிழக்கும். ஐசோனியசிட் எதிர்ப்பு மட்டும் இருந்தால் லீவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால், பைரசினமைடு 6 மாதம்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): கழுத்து நெறிக்கட்டியை வெட்டியெடுத்து முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டோம். கல்ச்சர் போட முடியுமா?

பதில்: முடியாது. ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். பாரஃபின் கட்டியிலிருந்து பிசிஆர் செய்து பார்க்கலாம், ஆனால் டிஎன்ஏ உடைந்திருப்பதால் நெகட்டிவ் வந்தால் அதை நம்ப முடியாது. கட்டியில் மிச்சம் இருந்தால் ஊசியில் உறிஞ்சிப் புதிய மாதிரி எடுங்கள். அடுத்த முறை தியேட்டருக்குள் இரண்டு குப்பி போகட்டும்: ஒன்றில் ஃபார்மலின், இன்னொன்றில் திசு நனையும் அளவுக்கு மட்டும் நார்மல் சலைன். எது எதில் என்று வெட்டுவதற்கு முன்பே லேபிள் ஒட்டிவிடுங்கள்.