ஃபுளோரிடாவில் மண்ணும் நீரும் படிக்க வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை முடித்துவிட்டு, கெயின்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மண், நீர் அறிவியல் முதுநிலைப் படிப்பில் வரும் ஆகஸ்ட்டில் சேரப் போவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கற்றது இங்கே எவ்வளவு தூரம் பயன்படும், ஆய்வகத் தலைப்பை எடுப்பதா வயல் தலைப்பை எடுப்பதா, படித்து முடித்தபின் வேலைக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே துறையில் படித்து, இந்த மாநிலத்திலேயே பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் கற்ற அடிப்படை அத்தனையும் பயன்படும். ஆனால் கரிசல் மண்ணில் பழகிய கைக்கணக்கு இங்கே செல்லாது. கரிசல் நீரையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபுளோரிடாவின் பெரும்பகுதியோ மணல். ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ. மழை பெய்யும் ஊரில், மழை விட்ட சில நாட்களிலேயே காய்கறிப் பயிர் வாடத் தொடங்குவதைப் பார்க்கும்போது முதலில் நம்ப முடியாது. இட்ட தழைச்சத்து (நைட்ரஜன்), ஒரு கனமழை பெய்தால், வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.

இந்த மாநிலத்தின் அடையாள மண்ணாக அறிவிக்கப்பட்ட மயாக்கா மண்ணை உங்களுக்கு முதல் பருவத்திலேயே காட்டுவார்கள் என்று நினைக்கிறேன். பைன் காட்டில் துளைக்கருவியைச் சுழற்றி இறக்கினால் மேலே சாம்பல் நிற மணல் வரும். அதன் கீழே, துகள்களின் மேலிருந்த பூச்சு எல்லாம் கழுவப்பட்டு வெளுத்துப்போன மணல். அதற்கும் கீழே, கோடு கிழித்தாற்போல், கரும்பழுப்பு அடுக்கு ஒன்று தொடங்கும். மழைநீர் மேலிருந்து கரைத்துக் கொண்டுவந்த கரிமப்பொருளும் அலுமினியமும் அங்கே படிந்திருக்கின்றன. நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்தே அந்தக் குழியில் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள். இங்கே மண்ணை ஒரு பாடமாகவும் நீரை இன்னொரு பாடமாகவும் பிரித்துப் படிக்க வழியே இல்லை.

ஒரு காரணம், மணலுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை. குடிநீருக்கு ஆதாரமான நிலத்தடி நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் ஓடி, வடக்கு ஃபுளோரிடாவில் தெளிந்த ஊற்றுகளாக வெளியே வருகிறது. குடிநீரில் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஊற்றுகளுக்கோ அந்த வரம்பு 0.35 மில்லிகிராம்தான், ஏனென்றால் மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவே பாசியைப் பெருக்கி ஊற்றைக் கெடுத்துவிடும். வயலில் போடும் ஒவ்வொரு மூட்டை உரத்தையும் ஊற்றோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இங்கிருந்துதான் உங்களுக்கு வரும்.

தெற்கே போனால் கதை வேறு. ஓகீச்சோபி ஏரிக்குத் தெற்கே, சதுப்பை வடித்துக் கரும்பு பயிரிட்ட பகுதியில், மக் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் கருமையான மட்கு மண் இருக்கிறது. பெல் கிளேடில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்குக் கட்டாயம் போய் வாருங்கள். 1924இல் ஒன்பது அடிக் கான்கிரீட் கம்பம் ஒன்றை, அடிப்பாறையைத் தொடும்படி, மேல்முனை தரை மட்டத்தில் இருக்கும்படி அங்கே நட்டார்கள். இன்று அந்தக் கம்பம் ஐந்தடிக்கு மேல் வெளியே நிற்கிறது. கம்பம் உயரவில்லை, நிலம்தான் இறங்கியது. நீரை வடித்ததும் காற்றுப் புகுந்து, நுண்ணுயிர்கள் அந்த மட்கைத் தின்று கரியமில வாயுவாக விட்டுவிட்டன. நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால் இந்த இழப்பு குறையும் என்பதால், கோடையில் வெறுமனே கிடக்கும் சில வயல்களில் நீர் கட்டி நெல் விளைவிக்கிறார்கள். நஞ்சை மண்ணின் வேதியியலை ஒழுங்காகப் படித்துவிட்டு வரும் மாணவருக்கு அந்த இடத்தில் சொல்வதற்கு நிறைய இருக்கும். அந்த வயல்களிலிருந்து வடியும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவர்கிளேட்ஸ் சதுப்பைக் கெடுப்பதைத் தடுக்க 1994இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள்; சதுப்பு நீரில் அதற்கான வரம்பு நூறு கோடியில் பத்துப் பங்கு.

ஆகவே வயல் தலைப்பையே எடுங்கள் என்பது என் கருத்து. ஆய்வகக் கருவிகளை எந்த நாட்டிலும் கற்றுக்கொள்ளலாம். இந்த மண்ணும் நீரும் இங்கே மட்டும்தான் கிடைக்கும். வெயிலும் கொசுவும் மதிய இடிமழையும் கடுமையாக இருக்கும் என்பதை மறைக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாமல் வயல் வேலை நடக்காது என்பதால், வந்த முதல் பருவத்திலேயே ஓட்டுநர் உரிமம் வாங்கிவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஆராய்ச்சி உதவியாளர் பணி கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி மாதச் சம்பளமும் வரும். ஆனாலும் வேறு சில கட்டணங்களை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அதைக் கணக்கில் வையுங்கள். பருவம் நடக்கும்போது மாணவர் விசாவில் பல்கலைக்கழக வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க அனுமதி உண்டு.

வேலை விஷயத்தில், மாநிலத்தின் ஐந்து நீர் மேலாண்மை மாவட்டங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், உர நிறுவனங்கள், கவுண்டி எனப்படும் 67 நிர்வாகப் பகுதிகளிலும் இயங்கும் பல்கலைக்கழக விரிவாக்க மையங்கள் ஆகியவை நம் துறைக்கு ஆள் எடுப்பவை. அமெரிக்க மத்திய அரசின் மண் ஆய்வுப் பணிகளுக்குப் பெரும்பாலும் அந்நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். பட்டம் பெற்றபின் 12 மாதமும், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள துறைக் குறியீடு அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதமும் வேலை பார்க்கலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், இதை மட்டும் என்னிடமோ நண்பர்களிடமோ கேட்டு முடிவு செய்யாமல், பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒப்பீட்டுக்காக ஊர் மண்ணைப் பையில் கட்டி எடுத்து வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண்ணை உள்ளே விடமாட்டார்கள். தேவையென்றால் உங்கள் பேராசிரியரின் ஆய்வகம் வழியாக முறைப்படி வரவழைக்கலாம். இப்போதே அவருக்கு எழுதி, வயல் எங்கே இருக்கிறது, திட்டத்தின் நிதி நீங்கள் முடிக்கும் வரை இருக்குமா, அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவருடன் பேச முடியுமா என்ற மூன்றையும் கேளுங்கள். வந்து இறங்கியபின் தலைப்பை மாற்றுவதைவிட இப்போது கேட்பது எளிது.