பஸ்ஸிலிருந்து இறங்க 'கெட் டவுன்' சரியா?

கேள்வி: 'ஐ வில் கெட் டவுன் அட் கிண்டி' என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். வெளிநாட்டு நண்பர் 'கெட் ஆஃப்' என்று திருத்தினார். நாம் சொல்வது தப்பா?

பதில்: இந்திய ஆங்கிலத்தில் அது நன்றாக வேரூன்றிவிட்டது, இங்கே எல்லாருக்கும் புரியும். தமிழில் மரத்திலிருந்தும் இறங்குகிறோம், பஸ்ஸிலிருந்தும் இறங்குகிறோம். அதனால் வந்த பழக்கம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'கெட் டவுன்' என்றால் ஏணி, மரம், மேசை மாதிரி உயரத்திலிருந்து கீழே வருவது. பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆஃப்'. தேர்வில் இதையே எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் 'கெட் ஆஃப் த கார்' என்று சொல்லலாமா?

பதில்: கூடாது, 'கெட் அவுட் ஆஃப் த கார்' (இங்கே 'ஆஃப்' என்பது of, பஸ்ஸுக்கு வருவது off). உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியா என்று பாருங்கள். முடியுமென்றால் ஏறுவதற்கு 'கெட் ஆன்', இறங்குவதற்கு 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே இடமுள்ள கார், டாக்சி, ஆட்டோவுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. கப்பலுக்கு 'ஆஃப்', துடுப்புப் படகுக்கு 'அவுட் ஆஃப்' என்று வருவதும் இதனால்தான். சைக்கிள், பைக், குதிரை மீது ஏறி உட்காருவதால் அவற்றுக்கு 'ஆன்', 'ஆஃப்'. பொது வாகனத்துக்கு 'ஆஃப்', சொந்த வாகனத்துக்கு 'அவுட் ஆஃப்' என்று சிலர் சொல்லித்தருவார்கள். டாக்சியும் பொது வாகனம்தானே? அந்த விதியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: விருந்தாளியைக் காரிலிருந்து இறங்கச் சொல்லும்போது 'கெட் அவுட்' என்றால் திட்டுவதுபோல இருக்காதா?

பதில்: இருக்கும். தனியாகச் சொன்னால் 'வெளியே போ' என்றுதான் காதில் விழும். 'ஆஃப் த கார்' சேர்த்தாலும் கட்டளையாகச் சொன்னால் கடுமை போகாது. 'ஐ வில் டிராப் யூ ஆஃப் ஹியர்' என்று சொல்லுங்கள், மரியாதையாக இருக்கும்.

கேள்வி: 'டிராப் யூ ஆஃப்' மாதிரி 'ஐ காட் இட் ஆஃப்' என்று பஸ்ஸுக்குச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அது இறுகிய மூடியைக் கழற்றினேன் என்பதுபோல ஆகிவிடும். இறங்குவதற்கு 'ஐ காட் ஆஃப்' என்றாலே போதும்.

கேள்வி: லண்டன் பாதாள ரயிலில் 'அலைட் ஹியர்' என்று அறிவிக்கிறார்களே?

பதில்: அதுவும் இறங்குவதுதான், ஆனால் அறிவிப்பு மொழி. பக்கத்தில் இருப்பவரிடம் வழி கேட்கும்போது 'வேர் டூ ஐ கெட் ஆஃப்?' என்றே கேளுங்கள்.